உலகம்மாள் ஆறாவது படிக்கிறாள்

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் குளித்தவர்கள் சண்முகநாதன் அண்ணாச்சியிடம் திட்டு வாங்காமல் வீடு திரும்பியிருக்க முடியாது. மெயினருவியில் பந்தோபஸ்து பார்க்கிற ஏட்டையா அவர். அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற தொண்டை. தண்ணீர் கூடினால் இரண்டு விசில் கொடுப்பார். அதற்கும் அசையாதவனைத் தானே இறங்கிக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். யாருக்குச் சொந்தக்காரன் என்று சொன்னாலும் அதே இழுப்புதான். பொய்யும் பேசத் தெரியாது, பூசி மெழுகவும் தெரியாது. அதனால் ஸ்டேஷனில் அவருக்கு வேண்டியவர்கள் குறைவு.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு பொய் சொன்னார். சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். என் பெயர் பென்னி, தென்காசியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன்.

அவருக்கும் நிர்மலாதேவி மதினிக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை உலகம்மாள். இரண்டாவது படிக்கும்போது ரத்தப் புற்றுநோய் என்றார்கள். திருவனந்தபுரத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மட்டும் இருந்தது. 2021 ஐப்பசியில், எட்டு வயதில் போய்விட்டாள்.

மதினி ஒரே வாரத்தில் பிள்ளையின் துணிமணி அத்தனையையும் கொடுத்துத் தீர்த்தாள். வீட்டில் படம் மாட்டவும் விடவில்லை. மாட்டினால் மாலை போட வேண்டும், மாலை போட்டால் எல்லாம் முடிந்துபோனது என்றாகிவிடும். மகள் பெயரையே அவள் வாயெடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணாச்சிக்கு மண்டையில் வேறொன்று ஏறியிருந்தது. பெரியவர்களுக்கான மருந்தைத்தான் பல சமயம் அளவு குறைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கென்று நடக்கிற ஆராய்ச்சி ரொம்பக் குறைவு என்று திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, சென்னையில் ஒரு கூட்டத்தார் ஒவ்வொரு செப்டம்பரிலும் சைக்கிள் ஓட்டுவதாகக் கேள்விப்பட்டதும் அவர்களுக்கு எழுதிப் போட்டார். நம் பக்கம் பத்துப் பேரைச் சேர்த்தார். முதல் நாள் தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்கள், மறுநாள் செங்கோட்டை வழியாக மலையேறித் திருவனந்தபுரம் வரை. தொப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

சென்னையிலிருந்து வந்த சட்டைகள் மஞ்சள் நிறம். பிள்ளைகளின் புற்றுநோய்க்கு உலகம் முழுக்கப் பொன்னிறம்தான் அடையாளமாம். அண்ணாச்சியின் சட்டையில் மட்டும் உலகம்மாளின் படத்தை நெஞ்சில் அச்சடித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மதினி, “செத்த பிள்ளைய நெஞ்சுல ஒட்டிக்கிட்டு ஊரு ஊரா சுத்தப் போறியளாக்கும்” என்றாள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வெளியே உருட்டினார்.

சென்னைக்காரர்களுக்குத் தெரியாததும் எங்களுக்கு உறைக்காமல் போனதும் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் மஞ்சள் உடுத்திக் கூட்டமாகப் போனால் அது கோயிலுக்குப் போகிற நேர்ச்சை. வீகேபுதூர் என்று நாங்கள் சொல்கிற வீரகேரளம்புதூரில் நுழைந்ததுமே பெண்கள் குடத்தோடு வந்து எங்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். நாங்கள் கொடுத்த நோட்டீஸை ஒருத்தரும் வாசிக்கவில்லை. எந்தக் கோயில் என்று கேட்டார்கள். ஆராய்ச்சி என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். எந்த ஆராய்ச்சியம்மன் என்று கேட்காததுதான் பாக்கி.

அங்கேதான் முப்பிடாதியம்மாள் வந்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஐந்து வயதுப் பையன், தலையில் ஒரு முடி இல்லை. அந்தத் தலையைப் பார்த்ததுமே அண்ணாச்சி சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

பையன் பெயர் சுடலைராஜ். அதே நோய். இரண்டு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது, பிள்ளை வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிறான். போதும், இனி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று புருஷன் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். மறுநாள் அடுத்த ஊசிக்குக் கூட்டிப் போக வேண்டும், பஸ் ஏற விடமாட்டேன் என்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அவள் அண்ணாச்சியின் நெஞ்சையே பார்த்தாள். மஞ்சள் சட்டையில் பிள்ளை படத்தோடு ஒருவர் போனால் என்ன அர்த்தம்? வேண்டுதல் பலித்துவிட்டது, நேர்ந்ததைச் செலுத்தப் போகிறார் என்றுதானே.

“உங்க பாப்பாவுக்கும் இதே சீக்குதானா அண்ணாச்சி? இப்பம் நல்லாயிட்டுல்லா?”

அண்ணாச்சி அந்தப் பையனின் தலையைத் தடவினார்.

“நல்லாயிட்டு. நாலாவது படிக்கா. நீ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ தாயி.”

அவள் மஞ்சள் துணியில் பதினோரு ரூபாயை முடிந்து ஹேண்டில்பாரில் கட்டிவிட்டுப் போனாள்.

ஊர் எல்லை தாண்டியதும் சைக்கிளை நிறுத்தி அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். ஒரு தாயிடம் போய் இப்படி ஒரு பொய்யா என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அவர் புளியமரத்தடியில் உட்கார்ந்து, நான் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாப்பா செத்துப் போயிட்டான்னு சொன்னா அவ நாளைக்கு பஸ் ஏறுவாளால பென்னி?”

பையனுக்கு வைத்தியம் முடிந்த அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தார். அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவர் முகத்தில் அது தெரிந்தது.

அவள் பஸ் ஏறினாள். அடுத்த வருஷமும் அதே இடத்தில் நின்றாள். பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். அஞ்சாவது என்றார். அதற்கடுத்த வருஷம் ஆறாவது. கேள்வி முடியும் முன் பதில் வந்துவிடும். மனதுக்குள் மகளை அவர் வருஷா வருஷம் பாஸாக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த ஊரைத் தாண்டியபின் ஒரு மணி நேரம் எங்களை விட்டுத் தனியாக முன்னால் மிதித்துப் போவார். நானும் திட்டுவதை விட்டுவிட்டேன்.

போன தைப்பொங்கல் கழிந்த ஒரு புதன்கிழமை. இலஞ்சியில் அண்ணாச்சி வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். முப்பிடாதியம்மாள் வாசலில் வந்து நின்றாள். குற்றாலத்து ஏட்டையா என்று எங்களோடு வந்தவர்கள் சொல்லியிருந்ததை வைத்து, அருவிக்கரையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். கூடவே தலை நிறைய முடியோடு சுடலைராஜ். வைத்தியம் முடிந்துவிட்டது, இனிமேல் வந்து காட்டிவிட்டுப் போனால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே அழுதாள். அண்ணாச்சியும் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு பட்டுப் பாவாடை சட்டையை எடுத்தாள். அரக்குப் பாவாடை, ஜரிகைக் கரை.

“நாலாவதுலேருந்து கேட்டுக்கிட்டே வாரேன். இப்பம் ஆறாவதுல்லா? பாப்பா எங்க அண்ணாச்சி?”

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாக்கை நிறைவேற்றப் போகிறார் என்று புரிந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“தாயி, ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தார்.

மதினி உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் அடுப்படியில் நின்றால் முன்னறையில் பேசுவது அத்தனையும் கேட்கும். நேராக வந்து பாவாடையைக் கையில் வாங்கினாள்.

“ஸ்கூலுக்குப் போயிருக்கா. வர அஞ்சு மணி ஆவும்” என்றாள்.

அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார்.

“உசரம் சரியா இருக்குமா மதினி? குத்துமதிப்பா எடுத்தேன்” என்று கேட்டாள் முப்பிடாதியம்மாள்.

மதினி பாவாடையை உதறித் தன் இடுப்பளவில் பிடித்துப் பார்த்தாள். கணுக்கால் வரும் இடத்தை விரலால் அளந்தாள். சரியாக இருக்கும், இந்த வருஷம்தான் மளமளவென்று வளர்ந்துவிட்டாள் என்று சொன்னாள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பையன் கையில் முறுக்கைத் திணித்தாள். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கச் சொல்லி, தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

வந்து பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“உலகு நாலாவது, அஞ்சாவது, ஆறாவதுன்னு வீகேபுதூர்க்காரிட்ட வருசா வருசம் சொல்லியிருக்கியளே. எங்கிட்ட ஒரு தடவையாது சொன்னியளா?”

அண்ணாச்சி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் செருப்பைக் கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.