கிளெமென்ற் அண்ணையின் எட்டுக் குமிழ்கள்

வலது உள்ளங்கையை இயந்திரத்தின் மூடிமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் கிளெமென்ற் அண்ணை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. "இன்னும் சூடு காணாது" என்று கையை எடுத்துவிட்டுத் தேத்தண்ணியில் ஒரு வாய் குடிக்கிறார். சுவிட்சைப் போட்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே கண்ணாடி வால்வுகள் கனன்று, மூடி கைக்கு இதமாக வரும்வரை எந்தப் பாட்டையும் அதற்குள் விடமாட்டார். பாடியவரே பக்கத்தில் உட்கார்ந்து அவசரம் என்று அழுதாலும் சரி, விடமாட்டார்.

ஒஸ்லோவின் தென்கிழக்கு ஓரத்தில், ஹொல்ம்லியாவில், அவருடைய வீட்டின் கீழறைதான் இந்த ஒலிப்பதிவுக் கூடம். நோர்வேக்காரர் சொல்வதுபோல அவரும் அதை "ஷெல்லர்" என்கிறார். ஒரு பக்கம் துணி துவைக்கும் இயந்திரம், பனிக்காலச் சக்கரங்கள் நான்கு, மீன் நிறைந்த உறைபெட்டி. மறுபக்கம் இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு கணினி, சுவரெல்லாம் பழைய மெத்தைகள். நடுவில் மேசைமேல், பெட்டிக் கடை வானொலி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. முகப்பில் ஊசி அசையும் கண்ணாடி ஒன்றும், கறுப்புக் குமிழ்கள் எட்டும். அதுதான் கம்ப்ரசர்.

அந்தப் பெயரால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊர்க்காரர் அவரைக் "கொம்பிரெசர் கிளெமென்ற்" என்று கூப்பிடப்போய், அதைக் கேட்ட யாரோ குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிட்டது என்று ஸ்ட்ரோம்மனிலிருந்து தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டு இவரும் போயிருக்கிறார். திருத்தியும் கொடுத்துவிட்டு வந்தார் என்பதுதான் வேடிக்கை.

பகலில் அவர் பேருந்து ஓட்டுநர். அதிகாலை முறை முடிந்து இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். இந்தப் பெட்டி என்னதான் செய்கிறது என்று நான் கேட்டபோது பேருந்தை வைத்தே விளக்கினார். "பஸ்ஸிலை ஆக்கள் நிண்டுகொண்டு வருவினம், தங்கச்சி. டக்கெண்டு பிறேக் அடிச்சால் எல்லாரும் விழுவினம். அடிக்காமல் விட்டால் முன்னுக்குப் போறவனிலை ஏறும். அப்ப மெல்ல அமத்த வேணும், விடேக்கையும் மெல்ல விட வேணும். பாட்டுக்காரி கத்தினால் இது அமத்தும், முணுமுணுத்தால் விட்டுக் குடுக்கும். எவ்வளவு கெதியா அமத்துறது, எவ்வளவு ஆறுதலா விடுறது எண்டதுதான் இந்தத் திருகியள். நல்ல பிறேக் எண்டால் நிக்கிறவருக்கு அது தெரியவே கூடாது."

கணினியிலேயே இதைச் செய்யும் மென்பொருள்கள் ஆயிரம் இருக்கின்றனவே என்றேன். நான் அவற்றை எழுதிப் பிழைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் ரோசம். "இருக்குது, பிழையில்லை" என்றார். "பிழையில்லை" என்பது அவருடைய அகராதியில் மிக உயர்ந்த பாராட்டு. ஆனாலும் அன்று சொன்னது மரியாதைக்கு.

பெட்டி வந்த கதையும் அவரைப் போலத்தான். இழுத்து மூடப்பட்ட உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று பழைய சாமான்களை விற்றபோது வாங்கினார். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் பதினான்கு. பெட்டிக்குக் குளிரக் கூடாது என்று தன் மேற்சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, தான் வெறும் கம்பளிச் சட்டையோடு ரயில் மேடையில் நின்றார். பதினேழு கிலோவை மடியில் வைத்தே வீடு வந்து, உள்ளே ஈரம் பிடித்திருக்கும் என்று ஒரு நாள் முழுக்கச் சுவிட்சைப் போடாமல் காத்திருந்தார். அவருக்கு நியூமோனியா வந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு ஞாபகசக்தி கிடையாது. குமிழ்கள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் அந்தப் பாட்டின் அமைப்பு; திருப்பிவிட்டால் போயிற்று. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும், நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எட்டு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் குமிழின் வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பேனாவால் கீறி வைப்பார். பிஸ்கட் டின் நிறைய அப்படித் தாள்கள். கைபேசியில் படமெடுத்தால் என்ன என்றேன். ஒருமுறை எடுத்து, படம் சரிவாக விழுந்து, குமிழ் ஒரு மயிரிழை பிசகிவிட்டதாம். அதிலிருந்து பேனா மட்டும்தான்.

இந்தப் பெட்டியால் வீட்டில் வருடத்துக்கு ஒரு சண்டை உண்டு. கிளெமென்ற் அண்ணை கத்தோலிக்கர். மனைவி உதயகுமாரி அக்கா சைவம். முப்பது வருடமாக அவர் தேவாலயத்துக்கும் இவர் கோயிலுக்கும் போய் வந்து ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஆனால் சரஸ்வதி பூசை வந்தால் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு கீழே இறங்கிவிடுவார். கணினிக்கு ஒன்று, ஒலிபெருக்கிகளுக்கு ஒவ்வொன்று, கம்ப்ரசரின் குமிழ்கள் எட்டுக்கும் தனித்தனியே சந்தனம், நடுவில் குங்குமம். குமிழின் மத்தியில் வைக்க மாட்டார். முகமென்றால் நெற்றி எங்கே வருமோ அங்கே, மேல் விளிம்போரமாக வைப்பார். "வேதக்காரன்ரை மெசினுக்குப் பொட்டு" என்று, கிறிஸ்தவனான தன்னைச் சொல்லி, அண்ணை முணுமுணுப்பார். விஜயதசமி பின்னேரம் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து எட்டையும் துடைத்துவிடுவார். அக்காவின் சந்தனத்துக்குத் தன் நெற்றியை மட்டும் இதுவரை அவர் காட்டியதில்லை.

நான் அவரைப் பற்றி எழுதப் போனது அந்த விஜயதசமியன்றுதான். அன்று அவருடைய தலைக்குமேல் ராசமலர் அக்காவின் பாட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ராசமலர் அக்கா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவர். மேடையேறாதவர், கிழங்கு உரித்துக்கொண்டே பாடுகிறவர். கழுத்திலிருந்த கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், அதன் பிறகு குரல் மாறலாம் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே கிளெமென்ற் அண்ணையைக் கூப்பிட்டார். மகள் டிலக்சிக்காகத் தானே கட்டிய ஒரு பாட்டு. ஓகஸ்டில் ஒரு வயலின் துணையோடு பாடினார். செப்டம்பரில் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, கட்டியும் கெட்டதல்ல. குரல் மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது பேசினாலே கரகரக்கிறது.

மைக்குக்கு முன்னால் பழக்கமில்லாத குரல்; ஒரு சொல்லைக் கத்துவார், அடுத்த சொல்லை மூச்சோடு விழுங்கிவிடுவார். அதை ஒரே மனுசியின் குரலாக நிற்கவைக்க அண்ணைக்கு மூன்று வாரம் பிடித்தது. பூசைக்கு முதல் நாள் பின்னேரம் அது நின்றது. வந்து கேட்ட ராசமலர் அக்கா, "இது நான்தான்" என்றாராம், அந்தக் கரகரப்பில். ஒரேயொரு வேண்டுகோள்: "டிலக்சியின்ரை பேர் வாற இடத்திலை வயலினைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ. பேர் கேக்க வேணும்." அவ்வளவுதான். குறைத்துவிட்டு, பாட்டை ஒருமுறை பெட்டி வழியாக ஓடவிட்டுக் கணினியில் சேமித்தால் வேலை முடிந்தது.

அதற்குள் உதயகுமாரி அக்கா இறங்கிவிட்டார். எட்டுக் குமிழுக்கும் பொட்டு வைத்து, பேனாவையும் எடுத்துப் புத்தகங்களோடு சாமியறையில் அடுக்கிவிட்டார். "பூசையிலை வைச்ச சாமானைத் தொடக்கூடாது. இனி நாளையிண்டைக்குத்தான்" என்று சொன்னாராம். ராசமலர் அக்காவும் சைவம். ஓம் ஓம், சரி என்று தலையாட்டிவிட்டார். பேனா இல்லாததால் அன்று தாளில் வட்டமும் இல்லை. "திருகியள் எங்கை போகப் போகுது" என்று அண்ணையும் கதவைச் சாத்திவிட்டு மேலே போனார்.

விஜயதசமியன்று நாலு மணிக்கு மூடி சூடாகிவிட்டது. ராசமலர் அக்கா ஐந்து மணி ரயிலில் வருவார். "அவல் கொண்டு வாறன், தங்கச்சி. ஒண்டையும் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணை படியேறினார்.

நான் தொட்டேன்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் தொழிலில் எதைக் கெடுத்தாலும் ஒரு விசையை அழுத்தினால் பழையபடி வந்துவிடும். பன்னிரண்டு வருடமாக அந்தத் தைரியத்தில் வாழ்கிறவள். முதல் குமிழைத் திருகினேன். கனமாக, வழுவழுப்பாக, சத்தமில்லாமல் திரும்பியது. விரலுக்கு அவ்வளவு சுகம். அடுத்ததையும் திருகினேன். அதற்கடுத்தவற்றையும். பிறகுதான் முதலாவது எங்கே நின்றது என்று யோசித்தேன். நினைவில் இல்லை.

அண்ணை அவல் தட்டோடு வந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டை உறைபெட்டியின் மேல் வைத்தார்.

"எத்தினை?"

"மூணு... இல்லண்ணா, அஞ்சு. சாரிண்ணா."

"எங்கை எங்கை நிண்டதெண்டு தெரியுமே?"

"தெரியலண்ணா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டை ஓடவிட்டு, காதை நம்பி ஒவ்வொன்றாகத் திருகினார். எனக்கு எல்லாமே நன்றாகத்தான் கேட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் தொடாமல் விட்ட மூன்றும் இப்போது இடம் மாறிவிட்டன. அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் கையை எடுத்துவிட்டு, "இது ஆரோ வேறை மனுசி" என்றார். மூன்று வார உழைப்பு. இனிப் பாட முடியாத ஒருத்தி "இது நான்தான்" என்று சொன்ன குரல். அதை நான் சும்மா விரல் சுகத்துக்காகக் கலைத்துவிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் உதயகுமாரி அக்கா தேத்தண்ணியோடு இறங்கி வந்தார். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"ஆர் என்ரை பொட்டெல்லாத்தையும் சரிச்சது?"

அக்கா குமிழ்களை நோக்கி விரலை நீட்டினார்.

"பாருங்கோவன். ஒண்டு காதிலை நிக்குது, ஒண்டு நாடியிலை நிக்குது. நான் நேரா நெத்தியிலை எல்லோ வைச்சனான்!"

அண்ணை மெதுவாகத் திரும்பினார். "என்ன சொன்னனீர்?"

"நெத்தியிலை வைச்சனான் எண்டு."

"எட்டும் நேராவோ? வடிவா யோசிச்சுச் சொல்லும், உதயா."

"பொட்டு வைக்கத் தெரியாதவளே நான்?" என்று அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

அண்ணை நாற்காலியை முன்னே இழுத்தார். அக்கா பொட்டு வைத்த நேரம் எட்டுக் குமிழும் பாட்டுக்குரிய இடத்தில்தான் நின்றன. முதல் குமிழைப் பிடித்து, காதோரம் கிடந்த பொட்டு மேலேறி நெற்றிக்கு வரும்வரை திருப்பினார். வெள்ளைக் கோடு எங்கேயோ போய் நின்றது. அதை அவர் பார்க்கவே இல்லை. இரண்டாவது. மூன்றாவது. கீழே நாடியில் நின்றது பெரிய சுற்றுச் சுற்றி வந்தது. அக்கா குனிந்து, "இன்னும் கொஞ்சம் இஞ்சாலை. ஆ, காணும்" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டுப் பொட்டும் வரிசையாக நேராக நின்றன. பாட்டை ஓடவிட்டார். ராசமலர் அக்காவின் குரல் எழும்பியது. கத்துகிற இடத்தில் ஊசி மூன்றுவரை சாய்ந்து, ஆறுதலாக நிமிர்ந்தது. மூச்சோடு போன சொல்லும் பக்கத்தில் நின்று சொன்னதுபோலக் கேட்டது. அண்ணை கண்ணை மூடி முதல் சரணம் முழுவதையும் கேட்டார்.

"பிழையில்லை" என்றார்.

நான் அழுதே விட்டேன். அக்கா எதற்கென்று புரியாமல் என் கையில் தேத்தண்ணியைத் திணித்தார். அத்தனை இனிப்பான தேத்தண்ணியை நான் எங்கேயும் குடித்ததில்லை.

வயலினைக் குறைத்து, நம்பிக்கையில்லாமல் இரண்டு முறை சேமித்தார். சாமியறையிலிருந்து பேனா வந்தது. நாட்காட்டித் தாளில் எட்டு வட்டமும் எட்டுக் கோடும் விழுந்த பிறகுதான் அவருடைய தோள் இறங்கியது. ஐந்தேகாலுக்கு ராசமலர் அக்கா வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டார். உதடுகள் பாட்டோடு சத்தமில்லாமல் அசைந்தன. மகளின் பெயர் தெளிவாக வந்த இடத்தில் நின்றுவிட்டன. பாட்டு முடிந்ததும் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. நடந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்வார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் போன பிறகு, மேசை ஓரத்தில் தயாராக இருந்த ஸ்பிரிட் போத்தலைப் பார்த்து, "துடைக்கலையாண்ணா?" என்றேன்.

அண்ணை போத்தலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். காய்ந்து வெடித்த பொட்டுகளைப் புதுப்பிக்க அக்கா சந்தனக் கிண்ணத்தோடு குனிந்திருந்தார். எட்டாவது குமிழை முடித்துவிட்டு விரலை நிமிர்த்தியபோது, கிளெமென்ற் அண்ணை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையை அவர் பக்கம் நீட்டினார்.

"நேரா வையும்" என்றார்.