சேவ் ஆகாத மாற்றங்கள்: 2

அக்கா, நான் வாண்டு. இருபத்து நான்கு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் வாண்டுதான். ஆபீஸின் ஒன்பதாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பலகையைத் தொடவே பயம், அதனால் போனிடம் பேசி எழுதுகிறேன். கதை விடுகிறான் என்று அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும். இது என் கண்ணால் பார்த்தது.

எங்கள் கம்பெனி லிஃப்ட் பராமரிக்கிறது. ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும், ஒவ்வொரு பணியாளருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் உண்டு. எதையாவது மாற்றிவிட்டு சேவ் செய்யாமல் விட்டால், பழையதும் புதியதும் மஞ்சள் நிறத்தில் அருகருகே நிற்கும். நான் சேர்ந்த அன்றே, எங்கள் கட்டட லிஃப்ட்டின் பக்கம் மஞ்சளாக இருந்தது.

பிரேக்: பழையது "சரி". புதியது "தேய்ந்துவிட்டது".

மாற்றியவர், மெக்கானிக் அண்ணன். அவர் இறந்துபோனதால்தான் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.

மேனேஜரிடம் காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"கேன்சல் பண்ணு. உன் விசா என் கையெழுத்துலதான் நிக்குது, ஞாபகம் வச்சுக்க."

பண்ணினேன். மறுநாளும் மஞ்சள். தினமும் கேன்சல், தினமும் மஞ்சள். ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் கிரீஸ் வாடை...

இன்று மதியம் ஒன்று பத்து. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் தொடாமலே கீபோர்டு தட்டியது.

டக்... டக்... டக்.

"சேவ் ஆகாத மாற்றங்கள்: 2" என்றது திரை.

எனக்குத் தெரிந்தது பிரேக் மட்டும்தான். சேவ் செய்தால் லிஃப்ட்டை நிறுத்திவிடுவார்கள், விசா போனாலும் ஓர் உயிராவது பிழைக்கும் என்று நினைத்தேன்.

அழுத்தினேன்.

காதோரம் ஈரமான மூச்சு.

"மாத்த என்னால முடியுது தம்பி. சேவ் பண்ணத்தான் உசுருள்ள கை வேணும்."

வெளியே... கிரீச்ச்ச்...

தடால்.

பக்கத்தைக் கீழே தள்ளினேன்.

உள்ளே இருப்பவர்: பழையது "யாருமில்லை". புதியது "மேனேஜர்".

பிறகுதான் வாட்ச்மேன் சொன்னார். மெக்கானிக் அண்ணன் நசுங்கிச் செத்ததும் அதே லிஃப்ட்டின் அடியில்தானாம். பிரேக் போனதை அவர் பதிவு செய்தபோது, மேனேஜர் குறுக்கே கைவிட்டு கேன்சல் அழுத்தினாராம்.

மேனேஜர் ஒரே ஒரு முறைதான் அழுத்தினார், அக்கா. நான் தினமும் அழுத்தினேன்.

போனில் என் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். மஞ்சளாக இருக்கிறது. பணியாளர் நிலை: பழையது "வேலையில்". புதியது... ஒவ்வோர் எழுத்தாக விழுந்துகொண்டிருக்கிறது.

இதைப் படிப்பவர் எங்கள் ஆபீஸ் ஆளாக இருந்தால், தயவுசெய்து சேவ் அழுத்தாதீர்கள்.