கண்டாக்கையா வீட்டுச் செம்பருத்தி இலை

சித்திரை வருஷப்பிறப்புக்கு முந்தின நாள் நான் செம்பருத்தி இலை திருடினேன். திருட்டு என்பதை அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பறித்தோம் என்பாள், பறிப்பதுதானே நம் தொழில் என்பாள்.

சிலோனிலிருந்து வந்து பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, அதில் இரண்டு குடும்பம், எட்டுப் பேர். நடுவில் அம்மாவின் பழஞ்சேலை ஒன்று சுவராகத் தொங்கியது. தட்டிவிட்டு வரச் சேலையில் கதவா இருக்கும்! நிம்மதியாக ஒரு ரவிக்கை மாற்ற முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றே ஒன்று மீதி இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் கையில். நாங்கள் சிலோன் பழக்கத்தில் கண்டாக்கையா என்போம். வருஷப்பிறப்பன்று கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் நிலைமையை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"வர்ற மனுசனுக்கு ஆஸ்மி சுட்டுக் குடுக்கப்போறேன்" என்றாள் அம்மா.

ஆஸ்மி, அங்கே சிங்களவர்கள் வருஷப்பிறப்புக்குச் சுடும் பலகாரம். அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, ஒருவகை இலையைக் கசக்கிய வழவழப்பான சாற்றைச் சேர்ப்பார்கள். அந்தக் கொழகொழப்பு இருந்தால்தான் மாவு விரலிலிருந்து அறுந்துபோகாமல் நூலாக இறங்கி, எண்ணெயில் வலைபோலப் பொரியும்.

அப்பாவுக்குச் சந்தேகம். "நீ எப்பவாச்சும் சுட்டிருக்கியா?"

"தின்னிருக்கேன்ல?"

அந்த இலை இங்கே கிடைக்கவில்லை. வெண்டைக்காய்ச் சாறும் ஆகுமாம். பஜாரில் கிடந்த வெண்டைக்காயோ முற்றி விறகாகியிருந்தது. "செம்பருத்தி இலையும் அப்படித்தானே வழுக்கும்" என்றாள் அம்மா. அந்தத் தோட்டத்தில் செம்பருத்தி இருந்தது ஒரே ஒரு வாசலில். அது கண்டாக்கையா வீட்டு வாசல்.

"அவர் வீட்டு இலையைப் பறிச்சு அவருக்கே சுட்டுக் குடுக்கறதா? உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கத்தி முடித்துவிட்டுப் போனேன். வீடு எனக்கும் வேண்டுமே.

ஆள் இல்லாத நேரம் பார்த்து நுழைந்தேன். பயத்தில் கை தானாக ஓடியது. மடி நிறைந்தபின்தான் நிமிர்ந்து பார்த்தேன். நுனியெல்லாம் போய், செடி மேசைபோல மட்டமாக நின்றது. விவரம் தெரிந்த நாளாகத் தேயிலைக் கொழுந்து மட்டுமே கிள்ளிய கை வேறென்ன செய்யும்!

மறுநாள் காலை ஆஸ்மி லேசான பச்சையில், ஆனால் அழகாகப் பொரிந்தது. கண்டாக்கையா மனைவியோடு வந்தார். அந்தம்மா கோயம்புத்தூர்ப் பக்கம். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தலைக்கு அரைக்கலாம்னு காலைல போறேன், எவளோ நம்ம செம்பருத்தில கொழுந்தெடுத்துட்டுப் போயிருக்கறா! இது கொழுந்துக்காரி வேலைதானுங்க."

கண்டாக்கையா அதைக் காதில் வாங்காமல் இரண்டாவது ஆஸ்மியைக் கடித்தார். "ரொம்ப நல்லாருக்குதே! இதுல என்னென்ன போட்டீங்க?"

அம்மா தட்டை அவர் பக்கம் இன்னும் தள்ளினாள். அப்பா கூரையைப் பார்த்தார். எனக்குப் பொய் வராது, வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "அரிசி மாவு, தேங்காய்ப்பால்... அப்புறம் உங்க வீட்டுச் செம்பருத்தி இலைங்க ஐயா. நான்தான் பறிச்சேன்."

அவர் வாய் பாதியில் நின்றது.

"ஐயோ, துப்புங்க! அரப்பு மாதிரி தலைக்குத் தேய்க்கறதுங்க அது!" என்று பதறினார் அந்தம்மா.

போச்சு, வீடு போச்சு என்று நான் நினைத்தேன். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வயித்துக்கடுப்புக்கு வெந்தயத்த ஊறவச்சு முழுங்குறோமே, அது வழுக்கலீங்களா? வெண்டிக்கா வழுக்கலீங்களா? அதெல்லாம் வயித்துக்கு, இது மட்டும் தலைக்குன்னு யாருங்க எழுதி வச்சது?"

கண்டாக்கையா யோசித்தார். வாயில் இருந்ததை விழுங்கினார். "தினமும் காலைல நீ எனக்குக் குடுக்கற வெந்தயத் தண்ணியும் இப்படித்தானே கொழகொழன்னு இருக்குது?" என்று மனைவியைக் கேட்டுவிட்டு மூன்றாவதை எடுத்தார். அந்தம்மா முறைத்தபடியே ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டார். பிறகு ஒரு முழு ஆஸ்மியை எடுத்தார்.

கண்டாக்கையா தொங்கும் சேலையைப் பார்த்தார், அதற்குக் கீழே தெரிந்த அந்தப் பக்கத்துக் கால்களைப் பார்த்தார். "அந்தக் கடைசி வீடு நம்ம வேலிக்குப் பக்கத்துல வருதே, இவங்களுக்குக் குடுக்கலாமா?"

"குடுங்க. தூரத்துல இருந்தா திருடுவாங்க, பக்கத்துல இருந்தா கேட்டு எடுப்பாங்க" என்றார் அந்தம்மா.

அந்த வாரமே சாவி வந்தது. அப்பா கடைசி மூட்டையோடு மழையில் நனைந்து புது வீட்டுக்கு வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

"யாரு?" என்றாள் அம்மா.

"யாரா? நான்தான்டீ! திற, அரிசி நனையுது!"

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"இன்னொரு வாட்டி தட்டுங்களேன்" என்றாள்.