பத்தொன்பது வாய்மொழித் தேர்வுகள்

திசியானா போர்தின் என் தம்பி லூச்சானோவின் ஒரே மகள். 1986 மார்ச் ஒன்பதாம் நாள், அவன் கரும்பு பயிரிடும் ஆஸ்திரேலியாவின் இன்னிஸ்ஃபெயில் ஊரில் பிறந்தாள். 2005 செப்டம்பரில் இத்தாலிய மொழியும் பண்பாடும் படிக்க இத்தாலியின் பாதுவாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். அங்கே ஒரு வாடகை அறை. ஞாயிறுதோறும் அருகிலுள்ள ரோவிகோவில் என் வீட்டில் மதிய உணவு. நான்கு ஆண்டுகளில் பத்தொன்பது வாய்மொழித் தேர்வுகள். அவற்றின் மதிப்பெண்கள் நம் குடும்பப் பதிவேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்தில் உள்ளன. அந்தப் பக்கத்துக்கு விளக்கம் தேவைப்படுவதால் இதை எழுதுகிறேன்.

அவள் தேர்வு முடித்து வரும் ஞாயிறுகளில் நான் பேனாவுடன் உட்கார்ந்திருப்பேன்.

"முப்பதுக்கு எவ்ளோடி?"

"இருபத்தெட்டு, அத்தை."

"மீதி ரெண்டை எங்கே தொலைச்சே?"

"உங்க பொலெந்தாக் களி நெனப்பு வந்துடுச்சு. பதில் குழைஞ்சு போச்சு."

எழுதிவிட்டு உடனே தம்பிக்குத் தொலைபேசியில் சொல்வேன். "என் பொண்ணு பேசுற இத்தாலியன் எனக்கே பாதி புரியலைக்கா. அப்போ நம்ம வீட்டுல நாம பேசினது என்ன, கோழிக் கத்தலா?" என்று அவன் சிரிப்பான். மதிப்பெண் அவன் ஊர் மனமகிழ் மன்றத்தில் அன்றே பரவிவிடும்.

2009 ஜூலை பதினாறு பட்டமளிப்பு என்றாள். தம்பியும் அவன் மனைவி நெரினாவும் விமானச்சீட்டு வாங்கினார்கள். பட்டம் பெறுபவரைக் கேலி செய்து எழுதிய பாட்டைச் சுவரில் ஒட்டி, அவரையே தெருவில் நின்று உரக்கப் படிக்க வைப்பது பாதுவா வழக்கம். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு மடக்கு ஒயின். அந்தப் பாட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது. மதிப்பெண்கள் என்னிடம் இருந்தன. கேலிக்கு வேண்டிய அசட்டுத்தனங்கள் இல்லை. அவற்றைத் திரட்டத்தான் ஜூன் கடைசிப் புதன்கிழமை அவளிடம் சொல்லாமல் பாதுவாவுக்குப் போனேன்.

தேர்வுக்கூட வாசலில் செர்ஜோ என்ற பணியாளர் இருந்தார். அவரிடம் அவள் படத்தைக் காட்டினேன்.

"இவளா? பின்வரிசைப் பொண்ணு! எல்லாத் தேர்வுக்கும் வருவா. யார் வேணும்னாலும் உக்காந்து கேக்கலாமே."

"அவ முறை வரும்போது வேடிக்கையா ஏதாவது நடந்திருக்கா?"

"அவ முறையா? பேரைக் கூப்பிடுவாங்க, எழுந்திருக்க மாட்டா. 'வரவில்லை'ன்னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. பேராசிரியருக்கு அவ முகமே தெரியாது. வீட்டுல யாருக்கும் தெரியாதாம்மா?"

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். முன்னால் ஒரு பையன் திக்கித் திணறிக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் திசியானாவின் உதடுகள் அவனுக்கு முன்னதாகவே அசைந்தன. அவன் முடித்ததும் "போர்தின்" என்று அழைத்தார்கள். மீண்டும் ஒருமுறை அழைத்தார்கள். அந்தப் பெயருக்குரியவள் வருகிறாளா என்று, மற்றவர்களைப் போலவே அவளும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

எதிரிலிருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். பிறகு, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"முதல் தேர்வுல பேரைக் கூப்பிட்டாங்க, அத்தை. கால் எழும்பலை. 'வரவில்லை'ன்னு எழுதினாங்க. நான் அங்கேயேதான் உக்காந்திருந்தேன். வெளியே வந்தா அப்பா போன். 'பாஸ்தானே?'ன்னார். ஆமான்னுட்டேன்."

"பத்தொன்பது தடவையாடி?"

"மார்க்கைச் சும்மா சொல்லலை. மத்தவங்களைக் கேட்ட கேள்விக்கெல்லாம் மனசுக்குள்ள பதில் சொல்லி நானே போட்டுக்கிட்டேன். இலக்கணத்துக்கு இருபத்து மூணுதான் போட்டேன். நீங்ககூடத் திட்டினீங்களே."

திட்டியது நினைவிருந்தது. அவள் அப்போது அழவும் செய்தாள்.

"உங்கப்பாகிட்ட இப்பவே சொல்லு. இல்லைன்னா நான் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க. நானே சொல்லணும், அத்தை. இது ஒண்ணையாவது நானே செய்யணும்."

அவளுக்கு அவகாசம் கொடுத்தேன். வெள்ளி மாலை அவள் குரல் தெளிவாக இருந்தது: "சொல்லிட்டேன். அப்பா கத்தினார். ஆனாலும் வர்றாராம். உங்ககிட்ட நேர்ல பேசிக்கிறேன்னார். நீங்க கூப்பிட வேண்டாம்." எதையும் இரண்டு இடத்தில் ஒத்துப்பார்க்காமல் பதிவேட்டில் ஏற்றாதவள் நான். அன்று ஒத்துப்பார்க்கவில்லை.

ஜூலை பதினான்காம் நாள் வெனிஸ் விமான நிலையத்தில் தம்பி புதுக் கோட்டுடன் வெளியே வந்தான். நெரினாவின் கையில், பட்டமளிப்புக்கென்று வாங்கும் சிவப்புச் சர்க்கரைப் பாதாம் இரண்டு பெட்டிகள்.

"எங்கே நம்ம பட்டதாரி? வரவேற்க ஆளைக் காணோம், இப்பவே தலைக்கனமா?" என்றான் அவன்.

கோபத்தைத் தேடி அவன் முகத்தைப் பார்த்தேன். கோபமே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்திறங்கியவர்கள் நிற்கும் கூட்டத்திலேயே சொல்லவேண்டியதாயிற்று. அவன் நம்பவில்லை. "இல்லைக்கா. நீ எழுதி வெச்சிருக்கியே. நீ எழுதினா தப்பா இருக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நெரினா பெட்டிகளைத் தரையில் வைத்துவிட்டு அவற்றின் மேலேயே உட்கார்ந்தாள்.

வாடகை அறையில் பாடப்புத்தகங்கள் பாடவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. பக்க ஓரமெல்லாம் பதில்கள். அவள் இல்லை. காவல்துறையில் புகார் கொடுத்தோம்.

இருபது நாட்கள் என் வீட்டில் இருந்தார்கள். நெரினா விழாவுக்கென்று கொண்டுவந்த தம்பியின் சட்டையை ஒவ்வொரு காலையும் இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டுவாள். தம்பி வாசல் மணி ஒலித்தாலும் எழுந்திருக்கமாட்டான். ஒலிக்காதபோது போய்த் திறந்து பார்ப்பான்.

ஆகஸ்ட் மூன்றாம் நாள் காவல்துறை அதிகாரி வந்தார். அவளைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், நலமாக இருப்பதாகவும், வயது வந்தவள் என்பதால் அவள் சம்மதமின்றி முகவரி தர இயலாது என்றும் சொன்னார். சம்மதிக்கவில்லை என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

அறுபத்திரண்டாம் பக்கத்தை நான் அடிக்கவில்லை. ஓரத்தில் 'அவளே இட்டவை' என்று மட்டும் குறித்திருக்கிறேன். அவள் பெயருக்குக் கீழே அதற்குப் பின் பதிவு ஏதுமில்லை.

இன்றோடு நான்கு ஆண்டுகள், இரண்டு மாதங்கள்.