சிக்கெடுப்பு நிலையம்

மூக்குக் கண்ணாடிக் கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்து, கொசுவின் முழங்கால் அளவுத் திருகாணிகளைத் திருகிக்கொண்டிருப்பவருக்குக் கடையில் வைத்த பெயர் பொறுமை. அதைப் பாராட்டாக யாரும் வைக்கவில்லை. ஒரு ஃபிரேமுக்குக் கால் மாட்டித் தர அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில், காத்திருக்கிறவரின் பார்வையே மாறி வேறு பவர் தேவைப்படும் என்பது முதலாளியின் புகார். பெயர் கடையை விட்டு இறங்கி, அவர் பின்னாலேயே நடந்து, தெருவுக்கும் வந்துவிட்டது. தபால்காரரே "பொறுமை வீடுங்களா?" என்றுதான் கேட்பார்.

அவருடைய மனைவிக்கும் பொறுமைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவர் ஆசிரியை. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றிவிட்டு வீடு திரும்புவார். வீட்டிலும் யார் எதை ஆரம்பித்தாலும் அவர் கால் தானாகத் தரையை அழுத்தும்.

பொறுமைக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு. சிக்கெடுப்பது.

நூல், கம்பளி, ஒயர், சங்கிலி, தூண்டில் நரம்பு என்று எது சிக்கிக் கிடந்தாலும் அவருக்கு அது விருந்து. சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு மேசை, மேலே தொங்கும் ஒரு பல்பு. கடையிலிருந்து வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அதற்குள் போய்விடுவார். முதல் நாள் சிக்கைத் தொடவே மாட்டார். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். மறுநாள் ஒரு நுனியைக் கண்டுபிடிப்பார். அதற்கடுத்த நாள் அந்த நுனி தவறு என்று கண்டுபிடிப்பார். அவர் முகம் அப்போதுதான் மலரும்.

சரக்கு தீர்ந்துபோனால் பழைய பொருள் வாங்கும் கடையில் போய் நிற்பார். "நீங்களே சிக்காக்கி, நீங்களே எடுக்கலாமே" என்று மனைவி ஒருமுறை கேட்டார்.

"அது எப்படிம்மா? எது எங்க போகுதுன்னு எனக்கே தெரிஞ்சிடுமே. மனுஷன் போட்டா அது முடிச்சு. தானா விழுந்தாத்தான் சிக்கு."

மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் விளக்குவார் என்ற பயம்.

ஒரு நாள் மனைவி வாஷிங் மெஷின் படம் போட்ட பளபளப்பான காகிதத்தோடு வந்தார். பின்னறையின் வாசலில் நின்று, மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இருந்த பிளக்கைப் பார்த்தார். கடைசியாகக் கணவரைப் பார்த்தார். அங்கே அவர் மட்டும்தான் தேவையில்லாத பொருளாகத் தெரிந்தார்.

"இந்த வீட்ல மெஷின் வைக்கத் தோதான இடம் இது ஒண்ணுதாங்க."

"இங்க நான் இருக்கேனேம்மா."

"இருந்து என்ன பண்றீங்க? நான் துவைச்சுத் துவைச்சு இடுப்பு ஒடியுது. ஒண்ணு இந்த ரூம் சம்பாதிக்கட்டும். இல்ல, துவைக்கட்டும்."

பொறுமை விளையாட்டு என்று நினைத்தார். ஆனால் மனைவி வண்டியில் ஏறுகிற மாணவரிடம் பேசும் குரலில் பேசினார். அந்தக் குரலில் விளையாட்டு கிடையாது.

இந்த இடத்தில் மனைவியின் தம்பி உள்ளே வருகிறார். எப்போதுமே எல்லாவற்றுக்கும் நடுவில்தான் வருவார். வாடகைக்குக் குடை விடும் தொழில் செய்து, மழை நாளில் எடுத்துப் போனவர்கள் யாருமே திரும்பாததால் அப்போது சும்மா இருந்தார்.

"மாமா, உங்க கையில இருக்கறது தங்கம்" என்றார் மைத்துனர்.

"இது செப்புக் கம்பி மாப்ள."

"கலையைச் சொல்றேன் மாமா. ஊர்ல ஒவ்வொரு வீட்லயும் ஒரு டிராயர். அந்த டிராயர்ல எல்லாம் ஒரு சிக்கு. இதுவரைக்கும் யாராவது இதுக்குக் கடை போட்டிருக்காங்களா?"

"யாரும் போடலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்டா" என்றார் அக்கா, கால் தரையை அழுத்த. பிறகு கொஞ்சம் யோசித்து, காலைத் தளர்த்தினார். "சரி. மழைக்காலம் வரைக்கும் டைம். அதுக்குள்ள இந்த ரூம் எதாவது கொண்டு வரணும். இன்னொண்ணு. காசு குடுத்தவங்க ஒருத்தர் வாசல்ல நின்னு சத்தம் போட்டாலும் அன்னிக்கே மெஷினுக்குச் சொல்லிடுவேன்."

பொறுமை தன் மேசையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுவாரமே வாசலில் பலகை ஏறியது. 'சிக்கெடுப்பு நிலையம். நூல் முதல் நகை வரை.' கீழே மைத்துனர் சேர்த்த வரி: 'சாதா, அவசரம், படு அவசரம்.'

சிரித்துவிட்டுப் போன தெருவே மறுநாள் பையோடு வந்தது. எதிர்வீட்டு அம்மா நகைப்பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் ஐந்தாறு சங்கிலிகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு மூக்குத்தியைப் பிணைக் கைதியாக வைத்திருந்தன. மீன் பிடிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு ஏரிக்கரையில் தூங்குகிற ஒருவர் தூண்டில் நரம்போடு வந்தார். பொம்மலாட்டக்காரர் ஒருவர், ராஜாவும் ராணியும் குதிரையும் ஒரே உருண்டையாகிவிட்ட மூட்டையைக் கொண்டுவந்து, "நாளைக்கு ஆட்டம். குதிரையை மட்டுமாவது விடுவிச்சுக் குடுங்க" என்று கெஞ்சினார்.

அறை சம்பாதிக்கத் தொடங்கியது. மனைவி மெஷின் படம் போட்ட காகிதத்தின் மேல் குழம்புப் பாத்திரத்தை இறக்கிவைத்தார். அது நல்ல சகுனம் என்று பொறுமை எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவர் முகம்தான் தொங்கிப்போனது.

"மாமா, ஆச்சா?" என்று கதவிடுக்கில் தலை வரும்.

"இப்பதான் பாத்துக்கிட்டிருக்கேன் மாப்ள."

"பாக்கறதுக்கு யாரும் காசு குடுக்கலை மாமா."

நுனி எங்கே என்று யோசிக்கும் சுகம் போயிற்று. தவறான நுனியைப் பிடிக்கும் சுகம் அதற்கு முன்பே போயிற்று. கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் உடைந்த ஃபிரேமை நீட்டியபோது, "சாதாவா, படு அவசரமா?" என்று பொறுமை கேட்டுவிட்டார். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். பொறுமை அந்த ஃபிரேமின் காலை ஒரு நொடியில் மாட்டித் தந்தார். அது தலைகீழாக மாட்டியிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பளு தூக்கும் பயிற்சியாளர் வந்தார்.

அவர் வாசலில் நின்றதும் அறை இருட்டியது. ஒவ்வொரு கையும் ஒரு தலையணைப் பருமன். உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பு விழும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவருடைய ரகசியக் குரலே தெருமுனையைத் தொடும். கையில் மட்டும் மஞ்சள் கம்பளி நூல் எட்டிப் பார்க்கும் ஒரு சின்னத் துணிப்பை.

"தாத்தாவாகப் போறேன்" என்று ரகசியமாகச் சொன்னார். எதிர்வீட்டில் யாரோ "வாழ்த்துக்கள்" என்றார்கள். "நூல் சிக்கிக்கிச்சு. பிரிச்சு உருண்டையாச் சுத்திக் குடுங்க. பையில இருக்கற எல்லாத்தையும் பத்திரமாப் பாத்துக்குங்க."

"எல்லாத்தையும் பாத்துக்கறோம் சார். சாதாவா, அவசரமா?" என்றார் மைத்துனர். அவருக்குக் காதில் விழுந்தது 'எல்லாத்தையும்' மட்டும்தான்.

"சாதா போதும். குழந்தையே மெதுவாத்தான் வருது."

பையைத் திறந்த பொறுமைக்கு மேலே கிடந்த நூல் ஒரு சாயங்காலத்துக்குக்கூடப் போதவில்லை. அதன் அடியில் இன்னொன்று கிடந்தது. எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

இப்படி ஒரு சிக்கை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று சொல்ல முடியாத ஒரு மஞ்சள் காடு. ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தொளதொளப்பு. நடுவில் காரணமே இல்லாமல் மூன்று ஓட்டைகள்.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார். வழக்கமாகக் கூப்பிட மாட்டார். "இதப் பாரு. தானா இப்படி விழணும்னா எத்தனை தடவை உருண்டிருக்கணும்?"

மனைவி பார்த்தார். "எலி கட்டின கூடு மாதிரி இருக்கு."

"எலிக்கு இவ்வளவு கற்பனை வராதும்மா."

அன்று அவர் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். சாதா என்பதால் மைத்துனரும் தலை நீட்டவில்லை. அடுத்து வந்த சாயங்காலங்களில் அதை இழை இழையாக, குழந்தைக்குத் தலை வாருவதுபோல எடுத்தார். தவறான நுனிகள் வேண்டிய மட்டும் கிடைத்தன. இடையில் ஒருநாள் சீட்டியடித்தார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, எந்தச் சாமான் கூவுகிறது என்று தேடினார்.

பயிற்சியாளர் வந்தபோது மேசைமேல் உருண்டை உருண்டையாக மஞ்சள் நூல் தயாராக இருந்தது. அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பையில் கையை விட்டார். இன்னும் ஆழமாக விட்டார். பையை உதறினார்.

"சட்டை எங்க?"

"எந்தச் சட்டை?" என்றார் பொறுமை.

"குழந்தைக்கு நானே பின்னின சட்டை. பையில அடியில வச்சிருந்தேனே. மஞ்சளா. கழுத்து ஒண்ணு, கை ரெண்டு."

மூன்று ஓட்டைகள் பொறுமையின் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. அவர் மெல்ல, மேசையில் இருந்த உருண்டைகளில் கடைசியை விரலால் தொட்டுக் காட்டினார்.

பயிற்சியாளர் உருண்டையைப் பார்த்தார். பொறுமையைப் பார்த்தார். மறுபடி உருண்டையைப் பார்த்தார்.

"பிரிச்சிட்டீங்களா?" என்றார். ரகசியமாகத்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்த வீட்டு ஜன்னலும் திறந்தது.

மைத்துனர் முன்னால் வந்தார். "சார், அடியில இருந்த எக்ஸ்ட்ராவுக்கு நாங்க சார்ஜ் போடலை."

"மாப்ள, நீ கொஞ்சம் உள்ள போ" என்றார் பொறுமை. அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மைத்துனர் போய்விட்டார்.

"சார், நான் அதைச் சட்டைன்னு நினைக்கலை."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"பின்ன என்னன்னு நினைச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சாயங்காலங்களை நினைத்ததும் பொறுமைக்குப் பொய் வரவில்லை. "சிக்குன்னு நினைச்சேன் சார். இத்தனை வருஷத்துல என் கை பாத்த சிக்குலயே உசத்தியான சிக்கு. ஒரு இழை இன்னொரு இழையை எங்க விடும், எங்க பிடிக்கும்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலை. வேணும்னு செஞ்சாக்கூட அப்படி வராது."

பயிற்சியாளரின் புருவம் இறங்கியது. "நெசமாவா சொல்றீங்க?"

"சத்தியமா."

"என் வீட்டுக்காரி அதைப் பாத்து, டீ போடற பாத்திரத்துக்கு மூடியான்னு கேட்டா." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். முக்காலி முனகியது. "என் கைக்கு அந்த ஊசி பிடிபடவே இல்லீங்க. எங்கேர்ந்து பிரிச்சீங்க?"

"இப்ப யோசிச்சா, கழுத்துலேர்ந்துன்னு தோணுது."

"பெரிய ஓட்டையா, சின்னதா?"

"பெரிசு."

"அது வலது கை."

பொறுமை மரியாதையாகத் தலையாட்டினார். பயிற்சியாளர் உருண்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பரவால்ல. குழந்தை வர்றதுக்குள்ள இன்னொண்ணு பின்னிடலாம். பின்னிட்டு உங்ககிட்ட காட்டறேன். தூரத்துலேர்ந்து."

அவர் போனதும் மனைவி வந்து நின்றார்.

"சத்தம் கேட்டுச்சு."

"அவர் சத்தம் போடலைம்மா. மெதுவாத்தான் பேசினார்."

"எதிர்வீட்டு ஜன்னல் திறந்துச்சா, இல்லையா?"

பொறுமை யோசித்தார். யோசித்தாலும் ஜன்னல் திறந்ததுதான். "திறந்துச்சு."

"அப்ப சத்தம்தான்."

மைத்துனர் பலகையைக் கழற்றினார். மேசை மொட்டை மாடிக்குப் போயிற்று. வெள்ளை வெளேரென்று மெஷின் வந்து, குழாய்க்கும் பிளக்குக்கும் நடுவில், பல நாள் காத்திருந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தது. பொறுமை எதிர்த்துப் பேசவில்லை. முக்காலியை மட்டும் எடுக்க விடாமல், அதில் உட்கார்ந்து கண்ணாடி மூடிக்குள் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மனைவி வீட்டில் இருந்த அழுக்கையெல்லாம் முதல் நாளே உள்ளே திணித்திருந்தார். மெஷின் நின்றதும் மூடியைத் திறந்து ஒரு படுக்கை விரிப்பின் முனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். மொத்தக் குடும்பமும் ஒன்றாக வெளியே வந்து விழுந்தது.

விரிப்பு தலையணை உறையை முறுக்கியிருந்தது. உறை காலுறைகளை விழுங்கியிருந்தது. சட்டைக் கைகள் பைஜாமா நாடாவைக் கட்டிக்கொண்டு, நாடா ஒரு துப்பட்டாவுக்குள் நுழைந்து எங்கோ போய்விட்டிருந்தது.

"என்னங்க இது கண்றாவி" என்று மனைவி இரண்டு கையாலும் பிடித்து உதறப் போனார்.

"இழுக்காதே." பொறுமை முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கைய எடு. அப்படியே வை."

"மெஷின்ல ஏதோ கோளாறு. சர்வீஸ் ஆளைக் கூப்பிடறேன்."

"அவன் வந்தா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்றார் பொறுமை. சொல்லிக்கொண்டே மறுபடி உட்கார்ந்து, மூட்டையை மடியில் தூக்கிவைத்து ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு காலுறையின் நுனி தெரிந்தது. தவறான நுனியாக இருக்கும் என்று தோன்றியதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஈரத்தோட எவ்வளவு நேரம் வச்சிருப்பீங்க?"

"இன்னிக்குப் பாக்கறேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டிய வேலை இனி இல்லை என்பது மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. காயப்போடும் வேலையும் இன்றைக்கு இல்லை போலிருந்தது.

கதவிடுக்கில் தலை வந்தது. மைத்துனரின் கண் மாமாவின் மடியில் இருந்ததைப் பார்த்து விரிந்தது.

"மாமா, யோசிச்சுப் பாத்தீங்களா? இந்தத் தெருவுல எல்லார் வீட்லயும் மெஷின் இருக்கு."

அக்காவின் கால் தரையை அழுத்தியது. பொறுமைக்கு எதுவும் கேட்கவில்லை. தலையணை உறைக்குள் முழங்கை வரை கையை விட்டு, எதையோ தேடிக்கொண்டிருந்தார்.