இரண்டாவது சிடி

அப்போது ஒரு படம் என்றால் இரண்டு சிடி. இடைவேளை வரை ஒன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் வாடகைக்குக் கொடுப்பார்கள். தியேட்டரில் ஒருத்திக்கு ஆகும் செலவில் நாங்கள் ஐந்து பேரும் பார்த்துவிடலாம். தவிர, கல்லூரிப் பெண்கள் தனியாகத் தியேட்டருக்குப் போனால், படம் விடுவதற்குள் செய்தி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிடும் ஊர் எங்களுடையது. அதனால் சனிக்கிழமை அரைநாள் வகுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டில் படம். அம்மா தூங்குவதாகச் சொல்லிக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து முழுப் படத்தையும் கேட்பாள்.

எங்களில் ஒருத்தி அவலூர்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வந்தாள். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். ஒருநாள் இருட்டினாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அவள் நைனா சொல்லியிருந்தார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அவளுடைய அக்காவை அப்படித்தான் நிறுத்தினார். எனவே முதல் சிடி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். மிச்சக் கதையைத் திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் நாங்கள் சொல்வோம்.

நாங்கள் சண்டையைச் சொல்வோம், வில்லன் செத்ததைச் சொல்வோம். அவள் கேட்பதெல்லாம் கதாநாயகியைப் பற்றியே இருக்கும். "அவ அப்புறம் இன்னா ஆனா?" யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் படங்களில் கதாநாயகி இடைவேளைக்கு முன்னால் வண்டி ஓட்டுவாள், கல்லூரிக்குப் போவாள், எதிர்த்துப் பேசுவாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுவாள். முதல் பாதிகளை மட்டுமே பார்த்தவளுக்கு இது தெரியாது. கதாநாயகிகள் மேல் எங்கள் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் மரியாதை இருந்தது.

மூன்றாம் வருடம், பொங்கல் கழிந்ததும் அவளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். கடைசிப் பரீட்சை எழுத அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பார்க்கிற எல்லோரிடமும் அதைச் சொன்னாள். சொல்லிச் சொல்லியே உறுதியாக்கிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை, "இன்னிக்கி ரெண்டாவது சிடிய முதல்ல போடுங்கடி" என்றாள். போட்டோம். கதாநாயகி சாப்பாடு பரிமாறினாள், அழுதாள், கடைசியில் குடும்பப் போட்டோவில் ஓரமாக நின்றாள்.

"இவ படிச்சவளா?" என்று கேட்டாள்.

முதல் பாதியைப் பார்க்காததால் எங்களுக்கும் தெரியவில்லை. அவள் வழக்கம்போல பஸ்ஸுக்கு ஓடினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் கல்லூரிக்கு வரவேயில்லை. பரீட்சை நெருங்கியதும், கல்லூரி ஆபீஸில் கெஞ்சி வாங்கிய அவளுடைய ஹால் டிக்கெட்டோடு நாங்கள் நால்வரும் மேல்சித்தாமூர் பக்கம் இருந்த அவள் மாமியார் வீட்டுக்குப் போனோம். சண்டை போடுவதென்றுதான் போனேன். மாமியார் நாற்காலி போட்டு, கலர் வாங்கி வரச் சொல்லி, ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அப்படிப்பட்டவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

"முழுகாம இருக்கிறா. இப்ப எதுக்குமா அவளுக்கு டென்ஷன்? புள்ள பொறக்கட்டும், அப்புறமா எழுதிக்கட்டும்" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. மருமகள் மேல் நிஜமாகவே அக்கறை இருந்தது.

அவள் ஹால் டிக்கெட்டை வாங்கினாள். மாமியாரை ஒருமுறை பார்த்தாள். திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"நீங்க நல்லா எழுதுங்கடி."

எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா என்று பஸ்ஸில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பரீட்சையை அப்புறமும் எழுதவில்லை.

நான் எழுதினேன். நல்ல மார்க். டிகிரி படித்த பெண் வேண்டும் என்றுதான் என்னையும் பெண் பார்க்க வந்தார்கள். முதல் குழந்தை பிறந்த பிறகு, வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டேன். இந்த வீட்டிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.