ஒரு கடை போதும்

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு அருகே, சிறிய சீனச் சாப்பாட்டுக் கடையொன்றில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரி லின் அக்கா கொழும்பிலேயே பிறந்த சீனப் பெண். எங்களைப் போலவே தமிழ் கதைக்கிறார். இடமில்லாமல் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள்.

"பக்கத்துத் தேத்தண்ணிக் கடையையும் வாங்கிப் பெருப்பிக்கலாமே, அக்கா?"

"மகனும் அதைத்தான் சொன்னவன். பிறகு அந்தத் தேத்தண்ணிக் கடை மனிசன் எங்க போறது? தேவைக்கு மேல சேர்த்தா அது மற்றவையின்ர பங்கு எண்டுதான் அப்பா எங்களை வளர்த்தவர். கன்பூசியஸ் காட்டின வழியாம். நான் போதும் எண்டன். மகன் கோவிச்சுக்கொண்டு மெல்பேர்ன் போயிட்டான்."

இப்போது அவன் போன்கூட எடுப்பதில்லையாம். நூடில்ஸ் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, கடல் பக்கம் பார்த்தபடி நிற்கிறார்.

"நான் போதும் எண்டது காசைத்தானே, தம்பி. பிள்ளையை இல்லையே."